ஏழாம் எண்

கத்திரி பிறந்த நாலாம் நாள்
பள்ளத்தூரில் வந்து இறங்கினேன்.
பெட்டியில் துணி குறைவு.
தீப்பெட்டி அளவில் பன்னிரண்டு கருவிகள்,
சாக்ஸுக்குள் சுருட்டி வைத்தவை.
சென்னைச் சுங்கத்தில் ஒருவர்
காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

ட்ரெஸ்டனில் ஆய்வுக்குத் தலைப்புத் தேடியபோது
பேராசிரியர் ஹெல்கா சொன்னார்:
"மின்விசிறி இல்லாமலே குளிரும் வீடுகள்.
உன் ஊரில்தானே?"
என் ஊரில்தான்.
வீடு என்னுடையதில்லை என்பதை
அன்று சொல்லவில்லை.
அதன் பின்கட்டில் அம்மா சமைக்கிறாள் என்பதையும்.

அழகம்மை ஆச்சி ஆழ்வார்பேட்டையில் இருக்கிறார்.
போனிலேயே அனுமதி கிடைத்தது:
"சுவத்துல ஒரு ஆணி அடிக்கப்படாது, தெரியுதா?"

முட்டை வெள்ளை பூசி மெருகேற்றிய சுவரில்
ஒட்டுநாடா நிற்கவில்லை.
நூல் கட்டித் தொங்கவிட்டேன்.
முகப்பில் ஒன்று, வளவில் மூன்று,
மாடியில் இரண்டு.
ஏழாவதைக் கரண்டி மாட்டும் சட்டத்தில்
அம்மாவே சேலைக் கிழிசலால் முடிந்தாள்.

"இது படம் புடிக்குமா?"
"இல்லம்மா, சூடு மட்டும்."
"சூட்டுக்கு எதுக்குடி கருவி,
என்னையக் கேட்டாச் சொல்லமாட்டேனா?
டப்பாக்குள்ள வெல்லம் இளகுச்சுன்னா மணி ரெண்டு."

விடுதியாகிவிட்ட வீடு.
அன்று முப்பத்திரண்டு இலை.

என் படிப்புக்கு வங்கிக் கடன் ஏழரை லட்சம்.
காரைக்குடிக் கிளையில் பேனாவை வாங்கிக்கொண்டு
"ஏழரையா" என்று அம்மா மட்டும் சிரித்தாள்.
மேலாளர் சிரிக்கவில்லை.

ஒரு வாரத்தில் மடிக்கணினியில் கோடுகள் விழுந்தன.
வெளியே முப்பத்தொன்பது.
வளவில் முப்பத்தொன்று, பாய் விரித்தாற்போல் ஒரே மட்டம்.
எல்லாக் கோடுகளுக்கும் மேலே தனியாக ஒன்று:
நாற்பத்து மூன்று புள்ளி ஆறு.

ஹெல்காவின் மின்னஞ்சல்:
"ஏழாம் எண் பழுதா? பக்கத்தில் அடுப்பு இருக்கிறதா?
புறப்புள்ளி. நீக்கிவிடலாம்."

முறைப்படி அவர் சொன்னது சரி.
நானும் தேர்வில் அப்படித்தான் எழுதுவேன்.
ஆனால் புறம் என்கிற அந்த அறைக்கு
நாலு வாசற்படி தாண்டி உள்ளே போகவேண்டும்.

அம்மாவிடம் எண்ணை மட்டும் சொன்னேன்.
அவள் கை துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.
"நாப்பத்துமூணு புள்ளி ஆறு, ஆச்சி.
எம் பொண்ணு ஜெர்மனி மிசின்ல பாத்துச் சொல்லுச்சு."

இருபத்திரண்டு வருசம்
'வேக்காடா இருக்கு' என்று சொல்லியிருக்கிறாள்.
வேலை செய்தது அந்தப் புள்ளி ஆறு.

எலக்ட்ரீசியன் சூசை வந்தார்.
ஆணி கூடாத சுவரில் ஒன்றரை அடி ஓட்டை.
உடைக்க இரண்டு நாள்.
ரசத்திலெல்லாம் சுண்ணாம்பு என்று
அம்மா அவரை வைதபடியே காபி கொடுத்தாள்.
எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றியதும்
என் கோடு நாலு டிகிரி சறுக்கி விழுந்தது.
ஆய்வாளர் குறுக்கிட்டதால் தரவு கெட்டது
என்றும் இதற்குப் பெயர் உண்டு.

பிறகு பிரான்சிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள்.
ஃபேன் சத்தத்தில் மதியத் தூக்கம் கெடுகிறதாம்.
இரண்டிலிருந்து நாலு வரை அணைத்துவைக்க உத்தரவு.
கோடு இறங்கி, ஏறி, இறங்கி
ரம்பம் போல ஆனது.

ஞாயிறு எனக்கு விமானம்.
"இந்தப் பற்கள் என்ன? விளக்குக" என்கிறார் ஹெல்கா.

அவர்கள் மொழியிலும் துணைவாக்கியத்தில்
வினைச்சொல் கடைசியில்தான் வரும், நம்மைப் போல.
எந்த அறை, எத்தனை மணி, யார் தூங்குவதற்காக
எல்லாம் எழுதிவிட்டேன்.
வினைக்கு முன்னால் நிற்கிறேன்.
அணைக்கப்பட்டது என்றா,
அணைத்தார்கள் என்றா, அணைத்தாள் என்றா?

சுவிட்ச்
அம்மாவின் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருக்கிறது.